குளவி வேஷம்

நவம்பர் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் நலமாக இருப்பதை உங்கள் மகள் தினமும் போனில் கேட்டு எனக்குச் சொல்லிவிடுகிறாள். நான் நலமாக இருப்பதையும் அவளே உங்களுக்குச் சொல்லியிருப்பாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிளம் தோட்டத்தை அடியோடு வெட்ட ரம்பக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். நேற்று மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வேலை முடிந்து வந்தவள், கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, "அத்தை, அம்மா எல்லா மரத்தையும் வெட்டப் போறாங்களாம்" என்று மூக்கை உறிஞ்சினாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் அழுத அன்றைக்குச் சமையல் என் தலையில் விழுகிறது.

நமக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்பது எனக்கு மறக்கவில்லை. ஜூலை மாதம், உங்கள் தோட்டத்தில், நாலு பேர் முன்னால், என் கையிலிருந்த பூப்பந்து மட்டையைப் பிடுங்கினீர்கள். நான் செய்த குற்றம், என் தேனீக்களைத் தின்ன வந்த குளவிகளை அடித்தது. "என் தோட்டத்துல ஒரு குளவி மேலயும் கை வைக்கக் கூடாது. உங்க பெட்டியெல்லாம் எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றீர்கள். கிளம்பிவிட்டேன். இப்போது என் தேனீப் பெட்டிகள் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் இருக்கின்றன. பக்கத்துக் கொடியில் கீழ் வீட்டுக்காரி காயப்போடும் வெள்ளைத் துணியில் எல்லாம் அவை எச்சமிட்டு மஞ்சள் பொட்டு வைத்துவிடுகின்றன. தினம் ஒரு பஞ்சாயத்து.

குளவியை வளர விடாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன். நான் போன பிறகு அவை பெருகித்தான் மரத்தைக் கெடுத்திருக்க வேண்டும். போனில் கேட்டால் இருவரும் கத்துவோம். எழுத்தில் திட்டினால் யோசித்துத் திட்டலாம். மரத்துக்கு என்னதான் நோய்? விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


நவம்பர் 12

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "என்ன, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டார். படித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

குளவி மரத்தைக் கெடுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தேனீயைத் தவிர வேறு எந்தப் பூச்சியும் உங்கள் கண்ணுக்கு நல்லதாகத் தெரியாது. இலையைத் தின்னும் புழுக்களைக் குளவிதான் தூக்கிக்கொண்டு போகிறது. என் தோட்டத்துக்கு அவைதான் காவல். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வந்து, அடிமரத்தில் பொறுமையாக உட்கார்ந்து, பட்டை இடுக்கையெல்லாம் சோதனை போடும். எவ்வளவு சாது தெரியுமா? கையை நீட்டினால்கூடக் கொட்டாது. ஒரு நாளும் என்னைக் கொட்டியதில்லை. உங்கள் தேனீக்கள் என்னைக் கொட்டியதற்குக் கணக்கே இல்லை. நீங்கள் போன பிறகு, மனசு கேட்காமல், நாலைந்து மரத்தடியில் தட்டில் சர்க்கரைத் தண்ணீர்கூட வைத்தேன்.

நோயைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வருஷமாகவே அடிமரத்தில், மண்ணை ஒட்டினாற்போல், பிசின் வழிகிறது. இந்த வருஷம் அதோடு பழுப்பாக மரத்தூள் மாதிரி ஏதோ கலந்து வருகிறது. இலை சீக்கிரமே மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. கிளை நுனிகள் காய்கின்றன. உரக்கடைக்காரர் வேர் அழுகல் என்றார். அதற்கு மருந்தில்லையாம். ஜனவரியில் ரம்பக்காரர் வருகிறார். என் கையால் நட்டு, என் கையால் கவாத்து செய்த மரங்கள். ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. மொத்தமாகப் போகட்டும்.

காலி நிலத்தை என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். கொடி கட்டி வெள்ளைத் துணியாகக் காயப்போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தாயார்


நவம்பர் 29

சம்பந்தி அம்மா,

இதைப் படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் அடித்த குளவிகளை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு எடுத்து வந்திருந்தேன். அற்பப் பெருமைதான், என்ன செய்ய? அதை மெழுகு உருக்கும் சட்டிகளுக்குப் பின்னால் வைத்து மறந்தும் போனேன். உங்கள் கடிதத்தில், கையை நீட்டினாலும் கொட்டாது என்று ஒரு வரி இருந்ததே, அது என்னைத் தூங்கவிடவில்லை. கொட்டாத குளவியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்டு அவை சாதுவாகிவிட்டன என்று நம்பவும் நான் தயாராக இல்லை.

பாட்டிலைத் தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் கொட்டி, மருமகள் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்துப் பார்த்தேன். பெட்டி வாசலில் நான் அடித்த கொஞ்சம் பேர் அசல் குளவிகள். மற்றதெல்லாம் மரத்தடியில் அடித்தது. மஞ்சள் பட்டை இருக்கிறது, கண்ணாடி இறக்கை இருக்கிறது, ஆனால் இடுப்பு இல்லை! குளவிக்கு இடுப்பு நூல் மாதிரி இருக்கும். இவர்களுக்கு நம் இருவரையும் போல நேராக இறங்குகிறது. வால் நுனியை அழுத்திப் பார்த்தேன். கொடுக்கும் இல்லை, அந்த இடத்தில் துடைப்பம் மாதிரி ஒரு முடிக்கற்றை. விரலைப் பார்த்தால் வண்ணத்துப்பூச்சியைத் தொட்டது போல் தூள் ஒட்டியிருக்கிறது.

மருமகள் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது அந்துப்பூச்சி. குளவி மாதிரி வேஷம் போட்டிருக்கு" என்றாள்.

மறுநாள் நூலகத்தில் பழமரப் பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தாள். படம் போட்டு எழுதியிருக்கிறது. கோடையில் பகல் வெளிச்சத்திலேயே பறந்து வந்து, அடிமரத்தில் உட்கார்ந்து, பட்டை இடுக்கில் முட்டை வைக்குமாம். பொரித்த புழு பட்டையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள சதையைத் தின்றுகொண்டே குளிர்காலம் முழுக்க உள்ளேயே இருக்கும். மரம் வலியில் பிசின் விடும். புழுவின் கழிவும் அதோடு சேர்ந்து வரும். நீங்கள் பார்த்த பழுப்புத் தூள் அதுதான். வசந்தத்தில் கூடு கட்டி, அடுத்த கோடையில் மறுபடி குளவி வேஷத்தில் வெளியே வரும். குருவிகள் பயந்து கிட்டே போகாது. குருவியை ஏமாற்றப் போட்ட வேஷத்தில் இரண்டு சம்பந்திகள் ஏமாந்து, நாலு பேர் முன்னால் சண்டையும் போட்டிருக்கிறோம்.

நான் சரியான ஆளைத்தான் அடித்தேன், ஆனால் யாரை அடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சிரிப்பதாக இருந்தால் இங்கே சிரித்துக்கொள்ளுங்கள்.

சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே ஒரு மரத்தடியில் மண்ணை ஒதுக்கி, பிசினைச் சுரண்டிப் பாருங்கள். வேர் அழுகல் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் மகளின் மாமியார்


டிசம்பர் 9

சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும், என் தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்து ஒரு பதில் எழுதினேன். முடிப்பதற்குள் கிழித்துப் போட்டேன். ஒரு தேய்ந்த கரண்டியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கிணற்றோரத்து மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

பிசின் கெட்டியாக, கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. அதைப் பெயர்த்தால் அடியில் ஈரமான தூள். தூளைத் தள்ளினால் பட்டை பொசுக்கென்று உள்ளே போனது. கத்தி முனையால் தூக்கிப் பார்க்கிறேன், வெள்ளையாக, கொழுகொழு என்று, செம்மண் நிறத் தலையோடு ஒரு புழு. வெளிச்சம் பட்டதும் ரொம்ப நிதானமாகத் திரும்பி உள்ளே போகப் பார்த்தது. தூக்கம் கலைந்த வீட்டுக்காரர் மாதிரி. அடுத்த மரத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தேன். வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க என்று தட்டு வைத்து உபசாரம் செய்திருக்கிறேனே, என் மரத்தைத் தின்ன வந்தவர்களுக்கு! சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

ஆனால் நீங்கள் ரொம்பவும் குதிக்க வேண்டாம். அடிமரங்களில் பழைய வெட்டுக் காயங்களும் இருக்கின்றன. எங்கே அதிகம் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பெட்டிகள் இருந்த வரிசையில். பெட்டியைச் சுற்றிப் புல் வெட்டுகிறேன் என்று ஒரு மெஷினை ஓட்டுவீர்களே, அது போட்ட காயம். காயம் பட்ட பட்டையில் அந்துப்பூச்சி முட்டை வைக்குமா என்று உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் வெட்டத்தான் போகிறேன். நோய்க்காக மட்டும் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்தப் பக்கம் போனாலே நான் உங்களைத் துரத்தியதுதான் ஞாபகம் வருகிறது. பெட்டிகள் இருந்த இடத்தில் புல் வெளுத்துச் சதுரம் சதுரமாக இருக்கிறது. தேனீச் சத்தம் இல்லாத தோட்டத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. வெட்டிவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.

உங்கள் மருமகளின் தாயார்


டிசம்பர் 20

சம்பந்தி,

அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். போட்டிருக்கிறது. நான் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்று உங்கள் மகள் பென்சிலால் கோடு போட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்தாள். அவள் உங்கள் கட்சி.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை நாலு தடவை படித்தேன். நானும் சொல்லிவிடுகிறேன். மாலையில் மாடிக்குப் போய்ப் பெட்டிகளோடு உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும்தான். போவதும் வருவதுமாக இருக்கும் தேனீக்களைப் பார்த்துக்கொண்டு, வசந்தம் வந்தால் இதுகளை எந்தப் பூவுக்கு அனுப்புவது என்று கவலைப்படுகிறேன். அதைவிட, பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, "கிட்ட வராதே, கிட்ட வராதே" என்று தேனீயிடம் கெஞ்ச ஆள் இல்லை. அந்தக் குரல் இல்லாமல் எனக்கு வேலை சுவைக்கவில்லை.

மரம் உங்களுடையது. வெட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் என் மேலோ உங்கள் மேலோ உள்ள கோபத்துக்கு மரத்தை வெட்டாதீர்கள். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

இத்தோடு ஒரு சுருள் கம்பி அனுப்பியிருக்கிறேன். தேன் சட்டத்தில் குறுக்கே இழுத்துக் கட்டுவோமே, அந்தக் கம்பி. வளையும், உடையாது. நுனியைக் கொக்கி மாதிரி மடக்கி, துளை போகும் வழியிலேயே உள்ளே விடுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் பட்டை கிழியும். புழு மேல் பட்டதும் கையில் மெத்தென்று தெரியும். முடித்த பிறகு மண்ணை உடனே மூடாதீர்கள், காயம் காற்றில் உலரட்டும். உங்களுக்கு எதைக் கண்டாலும் மெழுகு பூசுகிற கை. பூசாதீர்கள்.

ஒரே ஒரு கோடை பொறுத்துப் பாருங்கள்.

மாமியார்


ஜனவரி 18

சம்பந்தி,

நேற்று ரம்பக்காரர் வந்தார். அப்போது நான் மூன்றாவது வரிசையில் தரையில் குப்புறப் படுத்து, கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்மா?" என்று தலைக்கு மேல் குரல் கேட்டது.

"கொஞ்சம் இருங்க. உள்ள ஒருத்தன் இருக்கான்" என்றேன்.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தாரோ என்னவோ, ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல், "வலப் பக்கமா வளைங்கம்மா. துளை அந்தப் பக்கம்தான் போகுது" என்றார். நான் வளைத்தேன். "இல்ல, இன்னும் உள்ள. குடுங்க இப்படி." கம்பி கை மாறியது. வெளியே இழுத்த புழுவைப் பார்த்ததும், மனிதர் மீன் பிடித்தவர் மாதிரி குதித்துவிட்டார். வெட்ட வந்தவர் மத்தியானம் வரை என்னோடு மரம் மரமாக நகர்ந்து புழு எடுத்தார். என் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இது என்ன வேலைக்குக் கூப்பிட்ட ஆளு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் வெட்டும் பேச்சு வந்தது. சில மரங்களில் புழு அடிமரத்தைச் சுற்றிப் பட்டையின் சதையை முழு வட்டமாகத் தின்று தீர்த்திருக்கிறது. அவை பிழைக்காது, எனக்கே தெரிந்தது. அவற்றை வெட்டச் சொல்லிவிட்டு, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சத்தம் நின்ற பிறகுதான் வெளியே வந்தேன்.

மற்றவை நிற்கின்றன. கோடை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மறுபடி புதுப் பிசின் கிளம்பினால் எல்லாம் போகும். ரம்பக்காரரிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். இதற்கு மேல் என்னிடம் பேரம் பேசாதீர்கள்.

உங்கள் மருமகளின் தாயார்


மார்ச் 10

சம்பந்தி,

மொட்டுகள் பெருத்து வெள்ளை தெரிகிறது. நிற்கிற மரம் எல்லாவற்றிலும்.

நான் வாய் திறந்து கேட்கட்டும் என்று நீங்கள் காத்திருப்பதாக மகள் சொன்னாள். நீங்களாக வரட்டும் என்று நான் காத்திருந்தேன். இப்படியே இருந்தால் பூ யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் கேட்கிறேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உங்களைப் போகச் சொன்னது என் தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. வாருங்கள். பெட்டிகளோடு வாருங்கள்.

பழைய இடத்தை உங்களுக்காகச் சமன்படுத்தி வைத்திருக்கிறேன்.


மார்ச் 14

சம்பந்தி,

நாளை மறுநாள் வண்டி சொல்லியாகிவிட்டது. கீழ் வீட்டுக்காரி சந்தோஷத்தில், பெட்டிகளைப் படியிறக்க உதவுகிறேன் என்கிறாள். இரண்டு நாள் இருப்பேன், பெட்டிகளை விட்டுவிட்டுத் திரும்புவேன். புல் மெஷினை எடுத்து வரவில்லை. இனி கையால்தான் வெட்டுவேன்.


ஜூன் 20

சம்பந்தி,

போன வாரம் அடிமரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு வெறும் கூடு பார்த்தேன். பட்டைக்குள்ளிருந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பறந்திருக்கிறது. என் கம்பிக்குத் தப்பியவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்தது.

ஆனால் நீங்கள் இங்கே வந்திருந்தபோது சொன்னபடி ஒரு கூட்டுப்புழுவை ஈரத்தூளோடு பாட்டிலில் வைத்திருந்தேன் அல்லவா? முந்தாநாள் அது வெளியே வந்தது. கொஞ்சம் தடிமன், பெண்தான். நீங்கள் அனுப்பிய ராணித்தேனீக் கூண்டில் அதை விட்டு, மரத்தில் தொங்கவிட்டு, கீழே அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்தேன்.

காலை வெயில் ஏறியதும் அது கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாலை மட்டும் லேசாகத் தூக்கி, நம் மூக்குக்கு எட்டாத ஏதோ வாசனை விட்டது. அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை! வேலி தாண்டி, கூரை தாண்டி, ஒருவர் பின்னால் ஒருவராக ஆண் பூச்சிகள். கூண்டை முட்டுவதும் சுற்றுவதும் தட்டில் விழுவதுமாக ஒரே அமளி. இனி எத்தனை பெண்கள் ஜோடி இல்லாமல் வெறும் முட்டை வைக்கப் போகிறார்களோ!

என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "நம்ம பொண்ணுக்கு வரன் பார்த்தப்போ இப்படியா வந்தாங்க? ஒரே ஒருத்தர்தான் வந்தார்" என்றார். உங்கள் மகனைத்தான் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், ரொம்பப் பாசமாகத்தான் சொன்னார்.


ஜூன் 27

சம்பந்தி,

என் மகன் ஒருவனே பத்து வரனுக்குச் சமம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மருமகள் இதைப் படித்துவிட்டு, நாலு என்று குறைக்கச் சொல்கிறாள். பேசி ஐந்தில் முடித்திருக்கிறோம்.

சிரித்தாலும் எனக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோடை முடிந்ததும் மரங்களைப் பார்ப்பேன் என்றீர்கள். நீங்கள் சொன்னதைச் செய்கிற ஆள் என்பது எனக்குத் தெரியும். பெட்டிகளை மறுபடி மாடிக்கு ஏற்ற வேண்டுமே என்ற கவலை இல்லை. அந்த மரங்களை நான் இப்போது என் பிள்ளைகள் மாதிரி நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அது உங்கள் கம்பி வேலையால் வந்த வினை. பார்த்ததும் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, மறைக்காதீர்கள்.


ஆகஸ்ட் 24

சம்பந்தி,

ரம்பக்காரரை வரச் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் வருகிறார். பதறாமல் மேலே படியுங்கள்.

மூன்று நாளாக ஒவ்வொரு மரத்தடியாக மண்ணை ஒதுக்கி, முட்டி போட்டுப் பார்த்தேன். கிணற்றோரத்து மரத்திலும் அதற்குப் பக்கத்து மரத்திலும் புதுப் பிசின் இருந்தது. சுரண்டினேன். புழு அப்போதுதான் பொரித்து, நூல் கனம்கூட இல்லாமல் இருந்தது. பட்டைக்குள் ஆழமாகப் போவதற்கு முன்பே எடுத்துவிட்டேன். புதுப் பிசின் கிளம்பினால் எல்லாம் போகும் என்று சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்ற எல்லா மரமும் சுத்தம். நம்பாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். சுத்தம். போன வருஷத்துக் காயங்கள் ஓரத்தில் தடித்து, புதுப் பட்டை உருண்டு மூடிக்கொண்டு வருகிறது. தடவிப் பார்த்தால் வழவழ என்று இருக்கிறது.

பிறகு ரம்பக்காரர் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் தேனீக்களுக்கு அளவு தெரியவில்லை. ஒரு பூவையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. காய்த்த காய் பழுக்க ஆரம்பித்ததும் கிளையெல்லாம் மண்ணைத் தொடுகிறது. நேற்று சாயங்காலம் ஒரு கிளை பாரம் தாங்காமல் சடசடவென்று முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் அழவில்லை, சந்தோஷத்தில் என் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். உடனே ரம்பக்காரருக்குப் போன் போட்டு, கவைக் கழிகளாக வெட்டி எடுத்து வாருங்கள், கிளைக்கெல்லாம் முட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன். "வெட்டுறதுக்கு இல்லையாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

பறிக்க ஆள் போதாது. மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முதல் வண்டியில் வந்து சேருங்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி நாளைக் கடத்த வேண்டாம். எனக்கு உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழம் பறிக்க வேண்டும். திட்டுவதாக இருந்தால் இனி நேரில் திட்டிக்கொள்ளலாம்.

உங்கள் சம்பந்தி